கழுத்தில் டேப் போட்ட தகப்பன்

நேற்று எங்கள் பனியன் கம்பெனியில், சூட்டில் அழுத்திச் சீராக்கும் காம்பேக்டிங் முடிந்து துணி வந்து இறங்கியது. ரோல் இன்னும் ஆறவில்லை. மேலே கை வைத்தால் அடுப்பிலிருந்து எடுத்த தோசைக்கல் மூடி மாதிரி சுட்டது. புதிதாக வந்திருக்கும் இன்சார்ஜ் தம்பி, "அப்படியே மேசைல போட்டு வெட்டுங்க, சாயங்காலம் பீஸ் வேணும்" என்றார். நான் செக்கிங்கில் நின்றுகொண்டிருந்தேன். நின்று நின்று முழங்கால் மரத்துப்போயிருந்தது. ஒரு வார்த்தை சொல்லலாமா என்று யோசித்தேன். சொன்னால் பதிலும் கேட்க வேண்டும். அதற்குத் தெம்பில்லை. ஆனால் வாய் மட்டும் தானாக முணுமுணுத்தது.

"துணிக்கு உசுரு திரும்பட்டுங்க."

இது என் பேச்சு இல்லை. நான் தூத்துக்குடிப் பக்கத்துக்காரி. நல்லூரில் நான் முதன்முதலில் வேலைக்குச் சேர்ந்த கம்பெனியின் முதலாளி சொல்கிற பேச்சு இது.

அவர் பெயரை எழுதப் போவதில்லை. எங்கள் தெரு ஜெபக் கூட்டத்தில் அவருக்காக ஜெபிக்கக் கேட்டபோதும் நான் பெயர் சொல்லவில்லை. 'மகளுக்காகப் பாரப்படுகிற ஒரு தகப்பன்' என்று மட்டும் சொன்னேன். கர்த்தருக்கு ஆள் தெரியும். முதலாளி வேறு சாமி கும்பிடுகிறவர். வருஷா வருஷம் குலதெய்வத்துக்குக் கிடா வெட்டி எங்களுக்கெல்லாம் இலை போடுகிறவர். நான் ஜெபிக்கிறேன் என்று யாரோ அவர் காதில் போட்டுவிட்டார்கள். கோபப்படுவாரோ என்று பயந்தேன். அவர், "சொல்லுங்க அம்மிணி, எல்லாப் பக்கமும் சொல்லி வெக்கறது நல்லதுதானுங்களே" என்றார்.

ஒல்லியான மனிதர். வெள்ளைச் சட்டை. கழுத்தில் எந்நேரமும் அளவெடுக்கும் மஞ்சள் டேப், கோயிலில் போட்ட மாலையைக் கழற்ற மறந்துவிட்டவர் மாதிரி. மகள் கல்யாண போட்டோவிலும் அது இருக்கிறது. பட்டு வேட்டி, பட்டுச் சட்டை, சட்டைப் பையிலிருந்து டேப்பின் தகர முனை எட்டிப் பார்க்கும். அந்தப் போட்டோவை ஆபீஸ் சுவரில் மாட்டியிருந்தார். கட்டிங் மாஸ்டர் அதைக் காட்டி, "மாப்பிள்ளைக்குத் தாலி கட்டறதுக்கு முந்தி நெஞ்சளவு எடுத்திருப்பாரு" என்பார். முதலாளி காதில் விழுகிற மாதிரிதான் சொல்வார். முதலாளியும் சிரிப்பார்.

நான் சேர்ந்த அன்று ஒரு பனியனைத் தூக்கிப் பார்த்து, "நல்லாத்தானே இருக்கு" என்று பார்த்து முடித்த கட்டோடு வைத்தேன். பின்னாலேயே நின்றிருக்கிறார். எடுத்து மேசையில் விரித்து அளந்தார். நீளத்தில் அரை இஞ்சு குறைந்தது. திட்டவில்லை. தன் கழுத்திலிருந்த டேப்பைக் கழற்றி என் கையில் கொடுத்தார்.

"கண்ணு பொய் சொல்லும் அம்மிணி, டேப்பு சொல்லாது. இது இல்லாம இனி எதையும் நல்லா இருக்குன்னு சொல்லாதீங்க."

எதையும் என்றால் எதையும்தான். டீக்கடைக்காரர் கிளாஸில் எந்தக் கோடுவரை ஊற்றுகிறார் என்று பார்ப்பார். தையல்காரர்கள் உட்காரும் ஸ்டூல் எல்லாம் ஒரே உயரமா என்று டேப் பிடிப்பார். சாமி படத்துக்கு ஆணி அடிக்க வந்தவர், "மொதலாளி, நீங்க அளந்து முடிக்கறதுக்குள்ள சாமியே எறங்கி வந்துரும்" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

ஆனால் துணி விஷயத்தில் மட்டும் அவரிடம் இன்னொரு குணம் இருந்தது. மெஷினில் இழுபட்டு வந்த துணியை உடனே அளக்க விடமாட்டார். மூன்றாவது மாடியில் அகலமான மேசைகளில் ரோலை அவிழ்த்து, மடிப்பு மடிப்பாகத் தளர்வாக விடச் சொல்வார். ஒரு ராத்திரி முழுக்க அது அப்படியே கிடக்க வேண்டும். அவசர ஆர்டர் என்று யார் வந்து நின்றாலும், "இழுபட்டு வந்த துணிங்க. இப்ப டேப்பு வெச்சா அது நம்மளத் திருப்திப்படுத்த நீளமாக் காட்டும். தொவைச்சா சுருங்கும். உசுரு திரும்பட்டுங்க, அப்புறம் அளக்கலாம்" என்பார். டேப் பொய் சொல்லாது என்று சொன்ன அதே வாய்தான்.

மகளுக்கு மாப்பிள்ளை பார்த்ததும் டேப் வைத்துத்தான். ஜாதகம், படிப்பு, தோட்டம், வீடு, உயரம் எல்லாம் பொருந்தின. கோயம்புத்தூரில் பெரிய மில்காரர் குடும்பம். இரண்டு வருஷம் கழித்து ஒரு வேலை நாளில் அந்தப் பெண் ஒரு பையோடு ஆட்டோவில் வந்து கம்பெனி வாசலில் இறங்கினாள். வீட்டுக்குப் போகவில்லை, நேராக அப்பாவிடம் வந்தாள்.

"அங்க என்னால முடியலீங்கப்பா" என்றாள். அவ்வளவுதான்.

கதவு திறந்துதான் இருந்தது. நான் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் கேட்டுக்கொண்டே இருந்தார்.

"முடியலைன்னா எதுல முடியல கண்ணு? எப்பருந்து முடியல? மாப்பிள்ளை என்ன சொன்னாரு? நீ என்ன சொன்ன? மொதல்ல யாரு சொன்னது?"

அந்தப் பெண் தண்ணீர் கிளாஸையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதற்குப்பின் வீட்டில் இருக்க முடியாமல் தினமும் கம்பெனிக்கு வந்துவிடுவாள். அங்கே அம்மாவும் ஒறம்பரைச் சொந்தக்காரர்களும் இதே கேள்விகளைக் கேட்டார்களாம். மூன்றாவது மாடிக்கு ஏறி வந்து, ஆறப்போட்ட துணிக்குப் பக்கத்தில் ஒரு ரோல் மேல் உட்கார்ந்திருப்பாள். "அக்கா, கொஞ்ச நேரம் இங்க இருந்துக்கறேங்க" என்பாள். இரும்மா என்பேன். நானும் பேசமாட்டேன். பேசாமல் இருந்தது என் நல்ல குணத்தால் இல்லை. நாள் முழுக்க நின்று பீஸ் பார்க்கிறவளுக்கு வாயைத் திறக்கவும் சோர்வாக இருக்கும்.

முதலாளி சம்பந்திக்கு போன் போட்டுப் பேச வரவா என்று கேட்டார். சம்பந்தி வீட்டுக்குக் கூப்பிடவில்லை. "வெளிநாடு போறனுங்க. மாசக் கடைசில வந்துருவேன். ஞாயித்துக்கிழமை காலைல கோல்ஃப் கிரவுண்டுக்கு வாங்க, ஆடிக்கிட்டே பேசிக்கலாம்" என்றாராம்.

இதை எங்களிடம் வந்து சொல்லும்போது முதலாளிக்கு முகம் கறுத்திருந்தது. கட்டிங் மாஸ்டர், "போயி சும்மா கூட நடந்துட்டு வாங்களே" என்றார்.

"அதெப்படிங்க மாஸ்டர்? அவரு மட்டையோட முன்னால போவாரு, பொண்ணப் பெத்தவன் கைய வீசிட்டு பின்னால போறதா? வேலைக்காரன்னு நெனைப்பாங்க. புள்ளையத் திருப்பி ஏத்துக்கச் சொல்லிக் கேக்கப் போறவன் சரிசமமா நின்னு கேக்கணுமுங்க."

அப்படித்தான் ஐம்பத்தைந்து வயதுக்கு மேல் அவர் கோல்ஃப் கற்றுக்கொள்ளத் தொடங்கினார். ஞாயிற்றுக்கிழமைகளில் கோயம்புத்தூர் போய் ஒரு கோச்சிடம் கற்றுக்கொள்வார். மற்ற நாட்களில் சாப்பாட்டு நேரத்தில் எங்கள் மூன்றாவது மாடியில் பழகுவார்.

பந்து ஜன்னலை உடைக்கக் கூடாது என்று, ஷேடு மாறி ரிஜெக்ட் ஆன துணியை மேலே பைப்பிலிருந்து திரை மாதிரித் தொங்கவிட்டார். தொங்கிய துணியில் சுருக்கம் இருந்தது. அவருக்குச் சுருக்கம் பிடிக்காது. நான்கு முனையையும் இழுத்து, மேசை கிளாம்புகளால் விறைப்பாகக் கட்டினார். முதல் பந்து போன வேகத்தில் திரும்பி வந்து அவர் முழங்காலில் அடித்தது. அப்படியே உட்கார்ந்துவிட்டார். மாஸ்டர் ஓடிப்போய்க் கீழ் முனைகளை அவிழ்த்துவிட்டார். துணி தொளதொளவென்று தொங்கியது. அடுத்த பந்து அதில் பட்டு, தூளியில் போட்ட பிள்ளை மாதிரி சத்தமில்லாமல் கீழே விழுந்தது.

"பாத்தீங்களா மொதலாளி, துணி விட்டுக் குடுக்குது" என்றார் மாஸ்டர்.

"சுருக்கமா இருக்குதுங்களே" என்றார் இவர், முழங்காலைத் தேய்த்துக்கொண்டே.

கால் எங்கே வைக்க வேண்டும் என்று தரையில் துணிக்கு மார்க் போடுகிற சாக்கட்டியால் இரண்டு பாதம் வரைந்தார். பந்துக்கு ஒரு வட்டம். மட்டை பின்னால் போகும் வழிக்கு ஒரு கோடு. தலை ஆடக்கூடாது என்று கோச் சொன்னதால், உத்தரத்திலிருந்து நூலில் ஒரு தையல் மெஷின் பாபினைக் கட்டித் தன் நெற்றிக்கு நேராகத் தொங்கவிட்டார். என் வேலை, அவர் போனை வைத்துக்கொண்டு பக்கவாட்டில் நின்று வீடியோ எடுப்பது. அடித்துவிட்டு ஓடிவந்து அதை மெதுவாக ஓடவிட்டுப் பார்ப்பார். போன் கண்ணாடி மேலேயே டேப்பை வைப்பார்.

"அம்மிணி, முழங்கை மடங்குது பாருங்க. தலை நகருதுங்களா?"

"தலை நகரல மொதலாளி. மூச்சுதான் நின்னு போச்சு."

உண்மையாகவே மட்டையை ஓங்கினால் அவர் மூச்சு விடமாட்டார். பாதம், முட்டி, இடுப்பு, தோள், மணிக்கட்டு என்று வாய்க்குள் எண்ணுவது தெரியும். எண்ணி முடிக்கும்போது உடம்பு மரக்கட்டையாகி இருக்கும். மட்டை பந்துக்கு முன்னால் தரையைக் கொத்தும், இல்லாவிட்டால் மேலே காற்றை வெட்டும். கீழே தையல் பிரிவிலிருந்து ஆட்கள் தலையை நீட்டி, "மேல என்ன, எலி அடிக்கறாங்களா?" என்று கேட்பார்கள்.

கோச் மேல் அவருக்குக் கோபம். ஒரு திங்கட்கிழமை வந்து புலம்பினார்.

"உடம்ப லூசா விடுங்க சார்ங்கறாரு. எவ்வளவு லூசுங்க, அரை இஞ்சா ஒரு இஞ்சான்னு கேட்டனுங்க. அவரு என்னைய ஒரு மாதிரி பாக்கறாரு. மட்டைய எப்படிங்க புடிக்கறதுன்னா, கொழந்தை கையப் புடிச்சு ரோட்டத் தாண்டறாப்பல புடிங்கங்கறாரு. விட்டா ஓடிரும், இறுக்குனா அழுதுரும், அதுக்கு நடுவுலயாம். நடுவுலன்னா எங்கீங்க? ஒரு அளவு சொல்ல வேண்டாமுங்களா?"

"நீங்க மகளைக் கையப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போயிருப்பீங்கள்ல மொதலாளி, அந்த மாதிரிதான்" என்றேன்.

"அப்பெல்லாம் கம்பெனி ஆரம்பிச்ச புதுசுங்க. அவ அம்மாதான் கூட்டிட்டுப் போவா" என்றார். பிறகு பாபினைச் சரி செய்யப் போய்விட்டார்.

மாதக் கடைசி நெருங்க நெருங்க மனிதர் இளைத்துப்போனார். தோளில் தைலம் வாசனை. உள்ளங்கை தோல் உரிந்து பிளாஸ்திரி ஒட்டியிருந்தார். சாப்பாட்டு கேரியர் திறக்காமலே வீட்டுக்குப் போகும். எனக்கும் அலுப்புதான். என் சாப்பாட்டு நேரமும் அதில்தான் போனது. ஆனால் அவரைப் பார்த்தால் வேண்டாம் என்று சொல்ல மனம் வராது. அவர் ஆடியது விளையாட்டு இல்லை. அடி சரியாக விழுந்தால் ஞாயிற்றுக்கிழமை பேச்சும் சரியாக விழும், மகள் வாழ்க்கை பழைய இடத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும் என்று நம்பிவிட்டார். ராத்திரி ஜெபத்தில் என் பிள்ளைகள் பெயருக்கு அப்புறம் அந்தத் தகப்பனையும் சொல்லிவிட்டுத்தான் படுப்பேன். அந்தப் பெண்ணுக்கு என்ன கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை. திருப்பி அனுப்பும் என்றா, இங்கேயே வைத்திரும் என்றா? 'நீரே பார்த்துக்கொள்ளும்' என்று முடித்துவிடுவேன்.

அந்தச் சனிக்கிழமை வந்தது. மறுநாள் சம்பந்தியைப் பார்க்க வேண்டும். அப்பா சாப்பிடுவதில்லை என்று தெரிந்து, மகளே கேரியரை எடுத்துக்கொண்டு மேலே வந்தாள். இவர் சாக்கட்டிப் பாதத்துக்குள் நின்றுகொண்டிருந்தார். நான் போனைப் பிடித்திருந்தேன். ஓங்கி அடித்தார். மட்டை காற்றைத்தான் வெட்டியது. பந்து வட்டத்துக்குள் அப்படியே இருந்தது.

மகளைப் பார்த்ததும் வெட்கப்பட்ட மாதிரி சிரித்தார். "ஏங்கண்ணு, உங்க மாமனாரு ஆடறத நீ பாத்திருக்கீல்ல? அவரு தலை ஆடுமா?"

"அவரு பந்தப் பாக்கமாட்டாருங்கப்பா. யாரெல்லாம் தன்னையப் பாக்கறாங்கன்னு பாப்பாரு."

நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை.

"எதுக்குங்கப்பா இத்தனை கஷ்டம்? கையெல்லாம் புண்ணா இருக்குதுங்களே."

"எல்லாம் உன்னையக் கொண்டுபோயி அங்க நல்லபடியா விடறதுக்குத்தான் கண்ணு. நாளைக்கு எல்லாம் சரியாயிரும்."

அந்தப் பெண் கேரியரைத் தரையில் வைத்தாள். அவர் கையிலிருந்து மட்டையை வாங்கினாள். சாக்கட்டிப் பாதத்தில் நிற்கவில்லை, பாபினுக்குக் கீழேயும் நிற்கவில்லை. செருப்பை உதறிவிட்டு, கண்ட இடத்தில் நின்று, சுடிதார் துப்பட்டாவை இடுப்பில் சுற்றிக்கொண்டு ஓங்கி ஒரு அடி அடித்தாள். பந்து துணியில் போய் அறைந்த சத்தத்தில் கீழே சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களின் பேச்சு நின்றது. கூடையிலிருந்து இன்னொன்றை எடுத்துப் போட்டு அடித்தாள். இன்னொன்று. ஒன்று கோணலாகப் போய் தூணில் பட்டது. ஒன்று தவறியது. அவள் நிறுத்தவில்லை. துணித் திரை ஊஞ்சல் மாதிரி ஆடியது. கூடை காலியான பிறகுதான் மட்டையைக் கீழே போட்டாள். மூச்சு இரைத்தது. போய், ஆறப்போட்ட துணி மேசைக்கு அடியில், எப்போதும் உட்காரும் ரோல் பக்கத்தில் தரையிலேயே சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். எத்தனை நாள் தூங்காத பிள்ளையோ, அப்படியே தூங்கிப்போனாள்.

ஃபேனை நிறுத்தப் போனேன், தூசி அவள் மேல் பறக்கிறது என்று. அப்போதுதான் கவனித்தேன், போன் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. வீடியோவை நிறுத்தவே இல்லை. அவரிடம் கொடுத்தேன்.

வழக்கம்போல மெதுவாக ஓடவிட்டுப் பார்த்தார். பழக்கம் போகுமா, விரல் டேப்பைத் தேடியது. கண் முதலில் அவள் பாதத்துக்குப் போயிருக்கும், அப்புறம் முழங்கைக்கு. பிறகு விரல் நின்றது. திரையைப் பெரிதாக்கினார். நானும் பார்த்தேன். அவள் முகம். வேகமாகப் பார்த்தபோது கோபம் என்று நினைத்தேன். மெதுவாக ஓடும்போது அது கோபமாக இல்லை. பல்லைக் கடித்து, கண்ணை இறுக்கி மூடி, பிரசவ வலியில் கிடக்கிறவள் முகம் மாதிரி இருந்தது. ஒவ்வொரு அடிக்கும் அதே முகம். அவர் மறுபடி முதலிலிருந்து ஓடவிட்டார். மறுபடியும்.

"புள்ள இத்தன நாளா என்ற கண்ணு முன்னாலதானுங்க அம்மிணி உக்காந்திருந்துச்சு" என்றார்.

பிற்பாடு அந்தக் கம்பெனி மூடிவிட்டது. அவர் பொங்கலூர்ப் பக்கம் தோட்டத்துக்குப் போய்விட்டார் என்றார்கள். மகளைப் பற்றி ஒருவர் ஒன்று சொன்னார், இன்னொருவர் வேறு சொன்னார். நான் விசாரிக்கவில்லை. நான்கு கம்பெனி மாறிவிட்டேன். பார்த்த முதலாளிகளின் முகமெல்லாம் ஒன்றோடொன்று கலந்துவிட்டது. இவர் முகம் மட்டும், அன்று மத்தியானம் இருந்தபடியே இருக்கிறது.

அன்று சாப்பாட்டு மணி முடிந்து, மாஸ்டரும் ஆட்களும் வெட்டும் மெஷினைத் தூக்கிக்கொண்டு மேலே வந்தார்கள். இவர் படிவாசலிலேயே கையைக் காட்டி நிறுத்தினார். உதட்டில் விரலை வைத்துவிட்டு, மேசைக்கு அடியில் படுத்திருந்த மகளைக் காட்டினார். மாஸ்டர் எட்டிப் பார்த்தார். கேலி பேசுகிற மனிதர், செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு இறங்கிப் போனார்.

அப்புறம் முதலாளி ஜன்னல் ஓரமாகப் போய் நின்று போன் போட்டார். அவள் எழுந்துவிடாதபடி தாழ்ந்த குரலில் பேசினார். எதிர்ப்பக்கம் பேசியது எனக்குக் கேட்கவில்லை.

"சம்பந்திங்களா? நல்லா இருக்கறனுங்க… ஊருக்கு வந்துட்டீங்களா, சரிங்க… இல்லீங்க, நாளைக்கு நான் வரலீங்க… இல்லீங்க, உடம்புக்கு ஒண்ணுமில்லீங்க. அந்த ஆட்டம் எனக்கு வரலீங்க சம்பந்தி… அதில்லீங்க, பேச வேண்டாம்னு சொல்லலீங்க. புள்ள தூங்குதுங்க. இங்கயே இருக்கட்டுங்க…"

எதிர்ப்பக்கம் ஏதோ கேட்டார்கள். அவர் மேசைக்கு அடியில் பார்த்தார். டேப் கழுத்தில்தான் இருந்தது. அதன் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டே நின்றார்.

"எத்தன நாளைக்குங்களா?" என்றார். "அது தெரியலீங்க சம்பந்தி."

அத்தனை வருஷத்தில் ஒரு அளவைக் கேட்டு அவர் தெரியாது என்று சொல்லி நான் கேட்டதில்லை. நான் வாய்க்குள் ஆமென் சொல்லிக்கொண்டு, கீழே சிதறிக் கிடந்த பந்துகளைச் சத்தமில்லாமல் பொறுக்கத் தொடங்கினேன்.